ஒன்பது நாள் பாக்கி

ஃபெலிசிட்டாஸ் பகடுவான் போன பிப்ரவரியில் இறந்தபோது, டொரொண்டோ பாதர்ஸ்ட் தெருக் கத்தோலிக்கக் கோயிலின் அடித்தளக் கூடத்தில் ஆளாளுக்கு எழுந்து பேசினார்கள். பொறுமையே உருவானவள் என்றார் ஒருவர். யார் மனமும் நோக நடக்காதவள் என்றார் இன்னொருவர். பேசியவர்களில் பாதிப் பேரோடு அவளுக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. மீதிப் பேரை முகத்துக்கு நேரே திட்டியிருக்கிறாள். கண்ணாடிச் சாமானைப் பஞ்சில் சுற்றுவதுபோல அவளைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஃபெலிக்குக் கோபம் வரும். வந்தால் வருஷக்கணக்கில் இருக்கும். அந்தக் கோபத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது வேறு யாரோ ஒருத்தி.

பிலிப்பைன்ஸின் இலோக்கோஸ் கடற்கரையில் பங்குய் அவள் ஊர். கட்டியவன் மீன்பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. மகன் ஆர்வினை நான்கு வயதில் தங்கை வீட்டில் விட்டுவிட்டு ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பல வருஷம் கழித்து அங்கிருந்து கனடா. ஹாங்காங்கில் எத்தனை காலம் உழைத்தாலும் கடைசியில் ஊர் திரும்ப வேண்டியதுதான். கனடாவில் அப்படியில்லை. வேலை கொடுத்தவரின் வீட்டிலேயே தங்கி, அங்கேயே தூங்கி எழுந்து, முதியவரையோ குழந்தையையோ முழுசாக இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டால், நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம். பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் பிள்ளைக்கு இருபத்திரண்டு நிறைந்திருக்கக் கூடாது.

அவள் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்துக்கு அழைத்துப்போக யாரும் வரவில்லை. ஏஜென்சிக்காரன் சொன்ன குடும்பம் அந்த முகவரியில் இல்லை. எந்த முகவரியிலும் இல்லை. வேறு வீடு கிடைத்து, அந்த வீட்டுக்கென்று புதிதாக அனுமதி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. கடைசியில் கணக்கு இப்படி வந்து நின்றது: அவளுடைய இரண்டு வருஷம் ஆகஸ்ட் இருபத்துநாலில் முடியும். ஆர்வினுக்கு செப்டம்பர் பதினொன்றில் இருபத்திரண்டு நிறையும். நடுவில் கால் வைக்கத்தான் இடம்.

கிடைத்த வீடு டண்டாஸ் தெருவுக்குப் பின்னால், மால்டாக்காரர்கள் இருந்த பகுதியில். கிழவர் பெயர் கார்மெனு ஸெராஃபா. பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்து, அங்கே அப்போது இருந்த இறைச்சிக்கூடத்தில் நாற்பது வருஷம் மாடு அறுத்தவர். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. சர்க்கரை உண்டு. மனைவி இறந்தபின் வைத்த வேலைக்காரிகள் மூன்று பேரைத் துரத்தியவர்.

முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

“எந்த ஊரு நீ?”

“பிலிப்பைன்ஸ், சார்.”

“சீனாவா?”

“பிலிப்பைன்ஸ்.”

“அதைத்தான் சீனான்னேன். நான் இந்த ஊருக்கு வந்தப்ப கையில கத்தியோட வந்தேன். மாடு அறுத்தேன். நீ என்னத்த அறுக்க வந்திருக்க?”

“உங்க நகத்தை, சார். காலை நீட்டுங்க.”

அன்றைக்கே இருவருக்கும் தெரிந்துவிட்டது, ஒத்துப்போகாது என்று. அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததைப் பராமரிப்பு என்று சொல்ல முடியாது. அவர் வேண்டுமென்றே கழிவறைக் கோப்பைக்கு வெளியே சிறுநீர் கழிப்பார். அவள் அவருடைய பல்செட்டைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, கஞ்சியைக் கொண்டுவந்து வைப்பாள். தெருமுனைக் கடையின் பஸ்திட்ஸிப் பலகாரம் வேண்டும் என்று அவர் கத்துவார். சர்க்கரைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு, அவள் அவர் கண் முன்னாலேயே அதைத் தின்பாள். அவர் மால்டா மொழியில் திட்டுவார், அவள் இலோக்கானோவில் திட்டுவாள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் பதில் சரியாகத்தான் போய்ச் சேரும்.

மகள் ஜொர்ஜீனா வீடு வாங்கி விற்றுக் கொடுக்கும் தொழில் செய்பவள். ஞாயிறு மதியம் வந்து, கோட்டைக் கழற்றாமலே அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். தகப்பன் முகத்தைவிட வீட்டுச் சுவர்களைத்தான் அதிகம் பார்ப்பாள் என்பது ஃபெலியின் குற்றச்சாட்டு.

சனிக்கிழமை சாயங்காலம் ஃபெலிக்கு விடுப்பு. வில்சன் பக்கம் ஒரு அடித்தள அறையை ஆறு பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஆறு பேரும் வீட்டோடு தங்கி வேலை செய்பவர்கள். வாரத்தில் ஒரு ராத்திரி மட்டும் அங்கே வந்து, ஒரே பானைச் சோறு தின்று, பாயும் மெத்தையுமாகப் படுத்துக் கிடப்பார்கள். விவசாயிகள் மழையைப் பற்றி விசாரிப்பதுபோல அங்கே எல்லாரும் கிழடுகளின் உடம்பைப் பற்றி விசாரித்துக்கொள்வார்கள். கிழவியோ கிழவரோ போய்விட்டால் வேலை போகும், தங்கியிருக்கும் வீடு போகும், எண்ணி வந்த மாதங்கள் அப்படியே நின்றுபோகும்.

“என் கிழவிக்கு நான் தினம் ஜெபமாலை சொல்றேன்,” என்றாள் நெனிதா. ஆறு பேரில் வாயாடி அவள்தான். “அவ ஆத்துமாவுக்கு இல்ல, ஈரலுக்கு.”

“உன் கசாப்புக்காரன் எப்படி, மனாங் ஃபெலி?” என்று இன்னொருத்தி கேட்டாள். வயதில் மூத்தவள் என்பதால் எல்லாருக்கும் அவள் மனாங்.

“அவனா? அவன் சாக மாட்டான். உசுரோட இருக்கறது எனக்கு உபகாரம்னு தெரிஞ்சா மட்டும் செத்துருவான்.”

இரண்டாவது வருஷம் ஈஸ்டருக்கு முன்பு கிழவர் சமையலறையில் ஒருமுறை விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஜொர்ஜீனா இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டாள்.

“அப்பா, முதியோர் இல்லத்துல பேர் பதிஞ்சாச்சு. இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா நேரா அங்கதான். ஃபெலி, விழுந்தா அந்த நிமிஷமே எனக்கு போன் பண்ணணும். புரியுதா?”

“புரியுது, மேடம்.”

ஜூன் மாதம் குளியலறையில் விழுந்தார். தொட்டியின் விளிம்பு கீறி முழங்காலுக்குக் கீழே தோல் கிழிந்து தொங்கியது. ஃபெலி ஓடிவந்தபோது அவர் தரையில் கிடந்தபடி அவளை முறைத்தார்.

“யாரையும் கூப்பிடாத.”

“நான் யாரைக் கூப்பிடப்போறேன்?”

அவர் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார். பிறகு சந்தேகமாகக் கேட்டார்.

“உனக்கென்ன? என்னை அங்க கொண்டுபோய்த் தள்ளினா உனக்கு நிம்மதிதானே?”

அவள் அவரைத் தூக்கி நிமிர்த்தி, சுவரில் சாய்த்து, காலைத் துடைத்துக்கொண்டே ஆகஸ்ட் இருபத்துநாலைப் பற்றிச் சொன்னாள். மகனைப் பற்றியும் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது என்று சொல்லி முடித்தபோதே தோன்றியது. கிழவர் வலியோடு சிரிக்க ஆரம்பித்திருந்தார்.

“அப்ப நான்தான் உன் கப்பலு.”

“ஓட்டைக் கப்பலு.”

“ஆகஸ்ட் வரைக்கும் நீ எனக்கு அடிமை, தெரியுதா? சனிக்கிழமை எங்கயும் போகக் கூடாது. முயல் வாங்கிட்டு வந்து, நான் சொல்ற மாதிரி சமைக்கணும். இல்லாட்டி ஜொர்ஜீனாகிட்ட நானே சொல்லிருவேன்.”

“சொல்லுங்க. நாளைக்கே இல்லத்துல டயப்பர் கட்டி உக்கார வெச்சிருவாங்க. முயலும் கிடையாது, மூக்குல விடற பொடியும் கிடையாது.”

அதற்கப்புறம் இருவரும் ஒரே பொய்யில் குடியிருந்தார்கள். அதனால் வெறுப்பு குறைந்ததா என்றால் இல்லை. முன்னைவிட இப்போது கூடுதலாகப் பிடி கிடைத்திருந்தது, இரண்டு பக்கமும். அவள் சனிக்கிழமைகளை விட்டுக்கொடுத்தாள். முயல் சமைத்தாள், ஒவ்வொரு தடவையும் உப்பைக் கூட்டிப் போட்டாள். அவர் தின்றுகொண்டே திட்டினார்.

ஞாயிறு மதியம் நாடகம். மகள் வருவதற்கு ஒருமணி நேரம் முன்பே அவரை நாற்காலியில் உட்காரவைத்து, நீளக் கால்சட்டை மாட்டி, தொப்பி வைத்து, மேஜையில் சீட்டுக்கட்டைப் பரப்பிவிடுவாள். ஜன்னலைத் திறந்துவைத்து வெங்காயம் வதக்குவாள். ஜூலைக்குள் காலில் ஒரு வாடை வர ஆரம்பித்திருந்தது.

ஒரு ஞாயிறு ஜொர்ஜீனா கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினாள்.

“அப்பா, எழுந்து வந்து என்னை வழியனுப்புங்களேன். எவ்வளவு நாளாச்சு!”

ஃபெலிக்குக் கையிலிருந்த கரண்டி நழுவியது. கிழவர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எதுக்கு? வாசல்ல நின்னு வீட்டுக்கு விலை போடவா? போன தடவை அந்த மீசைக்காரனைக் கூட்டிட்டு வந்து கூரையைக் காட்டினியே, நான் பார்க்கலைன்னு நினைச்சியா? போ, போ. உங்கம்மா இருந்திருந்தா உன்னைச் செருப்பால அடிச்சிருப்பா.”

ஜொர்ஜீனா கண்ணைத் துடைத்தபடி கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். கார் சத்தம் ஓய்ந்ததும் கிழவர் ஃபெலியைப் பார்த்தார். ஒரு நல்ல ஆட்டம் ஆடிய திருப்தி முகத்தில்.

“எப்படி?”

“அழ வெச்சு அனுப்பிட்டீங்க. பெரிய வீரம்.”

“உனக்காகத்தான்டி அழ வெச்சேன். வாங்கிக்க.”

புண்ணை அவள் தினமும் இரண்டு வேளை கழுவிக் கட்டினாள். டாக்டரிடம் காட்டலாம் என்று இரண்டு தடவை சொன்னாள். அவர் மறுத்தார். மறுப்பார் என்று தெரிந்தேதான் சொன்னாள். ஆகஸ்டில் கட்டைவிரல் கறுத்தது. அதைச் சாக்ஸுக்குள் மூடிவிட்டு இருவரும் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தார்கள்.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா விண்ணேற்பு விழா அன்று கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. வெளியே அனல். கிழவர் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை, திட்டவும் இல்லை. நெற்றி கொதித்தது. மதியம் கண்ணைத் திறந்து சொன்னார்.

“போதும். ஆம்புலன்ஸைக் கூப்பிடு.”

ஃபெலி ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். வாய் முந்திக்கொண்டது.

“இன்னும் ஒன்பது நாள் இருக்கு, சார்.”

அவர் அவளைப் பார்த்தார்.

“கூப்பிடு.”

“ஒன்பதே நாள். மாத்திரை தர்றேன். ஐஸ் வெக்கிறேன். ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கேன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். ஒன்பது நாள் தாங்கிக்குங்க.”

“என் வீட்டு போன்,” என்றார் அவர். குரல் எழும்பவில்லை. “அதை எடுத்து என் கையில குடுடி, நாயே.”

அவள் போனை எடுத்தாள். அவர் கையில் கொடுக்கவில்லை. போனும் கையுமாகச் சமையலறைக்குப் போனாள். அங்கே கழுவாத ஒரு கோப்பை இருந்தது, அதைக் கழுவி வைத்தாள். அடுப்பைத் துடைத்தாள். தெருவில் ஊர்வலம் போகும் பாட்டுச் சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் அங்கே நின்றாள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. உள்ளேயிருந்து ஏதோ விழுந்த சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தபோது, கிழவர் கட்டிலிலிருந்து பாதி உடம்பு தொங்க, வாசலைப் பார்த்து ஊர்ந்து வர முயன்றுகொண்டிருந்தார். சாக்ஸ் கழன்றிருந்தது.

அவள் எண்களை அழுத்தினாள். முகவரியைத் தெளிவாக, இரண்டு தடவை சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் கிழவருக்கு நன்றாக நினைவு திரும்பியது. ஜொர்ஜீனா கட்டில் பக்கத்தில் நின்று கேட்டாள்.

“எத்தனை நாளாப்பா இப்படி இருந்துச்சு?”

ஃபெலி அவருடைய துணிப்பையோடு கதவருகே நின்றிருந்தாள். கிழவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு மகளிடம் திரும்பினார்.

“அவளைக் கேளு. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னா. ஆகஸ்ட் வரைக்கும் கிடன்னா. அவ பேப்பருக்காக. நான் ஆம்புலன்ஸ் கேட்டேன், போனைத் தூக்கிட்டுப் போயிட்டா.”

தன் பங்கை விட்டுவிட்டாரே தவிர, அவர் சொன்னது நடந்ததுதான். ஜொர்ஜீனா விறுவிறுவென்று வெளியே போனாள்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் ஃபெலி அவள் பின்னால் ஓடினாள்.

“மேடம், சாரும் சொல்ல வேண்டாம்னாரு. ரெண்டு பேரும் சேர்ந்துதான்…”

“அவருக்கு எண்பத்துமூணு வயசு. உனக்கு?”

“தப்புதான். தப்புதான், மேடம். ஆனா இருபத்துநாலாம் தேதி வரைக்கும் மட்டும் என்னை வேலையில வெச்சிருங்க. வீட்டுல இருந்துக்கறேன். சம்பளம் வேண்டாம். என் பையனுக்கு…”

“எங்க அப்பா காலை வித்து உன் பையனுக்கு டிக்கெட் வாங்கப் பார்த்தியா?”

“இல்ல, மேடம்.”

“போலீசுக்குப் போகாம இருக்கேனேன்னு சந்தோஷப்படு. சாயங்காலத்துக்குள்ள சாமானை எடுத்துட்டுப் போயிரு.”

வில்சன் அறையில் பெண்கள் அவளை ஆறுதல்படுத்தினார்கள் என்று கோயில் இரங்கல் கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

“நீயே கூப்பிட்டியா?” என்றாள் நெனிதா. “உன் கையால? ஒன்பது நாள் இருக்கும்போது?”

“சாகக் கிடந்தான்.”

“கிடந்தா? ஜூன்லயே கூப்பிட்டிருந்தா அவன் காலு மிஞ்சியிருக்கும். இருபத்துநாலு வரைக்கும் கூப்பிடாம இருந்திருந்தா உன் பையன் மிஞ்சியிருப்பான். நீ ரெண்டும் இல்லாம நட்டநடுவுல கூப்பிட்டிருக்க. உன்னை மாதிரி முட்டாளைப் பார்த்ததில்ல.”

ஃபெலி அவளை அறைந்தாள். அடுத்த ஏழு வருஷம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

வேறு வீடு கிடைக்காமல் இல்லை. ஆனால் அந்த வீட்டின் பெயரில் அனுமதி வராமல் வேலையில் சேர முடியாது, சேராமல் நாள் கூடாது. அனுமதி வந்தபோது மரங்களில் இலை இல்லை. செப்டம்பர் பதினொன்றாம் தேதி எப்போதோ கடந்துபோயிருந்தது. அந்தப் பதினொன்றாம் தேதி அவள் ஆர்வினுக்கு போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை.

அக்டோபரில் ஒருநாள் முதியோர் இல்லத்துக்குப் போனாள். எதற்குப் போனாள் என்று கேட்டால், அந்தக் கிழவன் முகத்தைப் பார்க்க என்பாள். கிழவர் சக்கர நாற்காலியில் ஜன்னல் பக்கம் இருந்தார். அவளைப் பார்த்ததும் பக்கத்தில் நின்ற நர்ஸிடம் சொன்னார்.

“யாரு இவ? எனக்குத் தெரியாது.”

அவருக்குத் தெரியும் என்பது கண்ணிலேயே தெரிந்தது. ஃபெலி சிரித்த முகத்தோடு அவர் எதிரே உட்கார்ந்தாள். மடியில் கிடந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு மெல்லிய, இனிமையான குரலில், இலோக்கானோவில் ஆரம்பித்தாள். அவருடைய தாயிலிருந்து தொடங்கினாள். அவர் அறுத்த மாடுகள் எல்லாம் நரகவாசலில் வரிசையாக நிற்கின்றன என்றாள். மிச்சமிருக்கும் காலும் அழுக வேண்டும், ஆனால் மெதுவாக, அவசரமில்லாமல் அழுக வேண்டும் என்றாள். உன் மகள் உன் வீட்டை விற்றுவிட்டாள், உனக்குச் சொன்னாளா என்று கேட்டாள். கிழவர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும், அதே தணிந்த குரலில் மால்டா மொழியில் பதில் சொல்லத் தொடங்கினார். அதுவும் நீளமாகத்தான் இருந்தது.

“பாவம், ரெண்டு பேரும் ஜெபம் பண்றாங்க,” என்று நர்ஸ் இன்னொருத்தியிடம் சொன்னாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு கிழவர் இறந்தார். ஃபெலி அடக்கத்துக்குப் போகவில்லை.

விட்டுப்போன ஒன்பது நாளை அவள் ஒரு கிழவியின் வீட்டில் தூங்கி எழுந்து முடித்தாள். மூன்று வருஷத்துக்கும் மேலாகக் காத்திருந்தபின் நிரந்தரமாக இருக்கும் உரிமை வந்தது, அவளுக்கு மட்டும். அதன்பிறகுதான் ஊருக்குப் போனாள். ஆர்வின் மூன்று சக்கர வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். மனைவி நிறைமாதம். மருமகள் அவளைக் கட்டிப்பிடித்தாள், மகன் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டின்போது அவனே பேச்சை எடுத்தான்.

“நெனிதா ஆன்ட்டி அப்பவே போன்ல எல்லாம் சொன்னாங்க.”

“அவ வாயில புழு வைக்க.”

“பொய்யா?”

“பொய் இல்ல.”

“நானும் எத்தனையோ நாளு கணக்குப் போட்டுப் பார்த்துட்டேம்மா. அந்தாளு உன்னை நாயின்னான். மனுஷியாவே நடத்தல. கடைசியில காட்டிக்குடுத்தான். அப்படிப்பட்டவனுக்காக எதுக்கு போனை எடுத்த? ஒன்பது நாளு. நீ என்னை விட்டுட்டுப் போனப்போ நான் எத்தனை ஒன்பது நாள் பார்த்திருக்கேன்? அவனால ஒரு தடவை முடியாதா?”

மருமகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஃபெலி தட்டில் இருந்த மீன்முள்ளை ஒதுக்கினாள். உயிர் என்றோ கடவுள் என்றோ பாவம் என்றோ அவள் சொல்லியிருக்கலாம். அவன் அதை எதிர்பார்த்துத்தான் தாடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“நாத்தம் தாங்கல,” என்றாள்.

“என்ன?”

“அந்தக் காலு. நாத்தம் தாங்கல. அதான் கூப்பிட்டேன்.”

“இத்தனை வருஷம் ஊரான் மலத்தை அள்ளினவ. உனக்கு நாத்தம் தாங்கலையா?”

“தாங்கல. உனக்கு நல்லதா ஒரு காரணம் வேணும்னா வேற யாரையாவது போய்க் கேளு. எனக்குத் தெரிஞ்சது அதுதான்.” தட்டை அவன் பக்கம் தள்ளினாள். “சோறு போடறதுன்னா போடு. இல்லாட்டி பானையை மூடு, ஈ மொய்க்குது.”

ஆர்வின் பானையை மூடினான். வெளியே போய் வண்டியைக் கிளப்பினான்.